பொய் சொல்லி ஜெயிக்கும் பகடை, சீட்டு ஆட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டத்தில் தொடங்குவது நல்லது?

கையில் இருப்பது சாதாரண சீட்டுக்கட்டு மட்டும் என்றால் ‘பிளஃப்’ ஆடுங்கள். பகடைகள் இருந்தால் ‘லையர்ஸ் டைஸ்’. இரண்டே பகடை, ஒரு கப் என்றால் ‘மியா’. கடையில் வாங்கி ஆடும் ஆட்டங்களில் ‘கூ’, ‘ஸ்கல்’, ‘காக்ரோச் போக்கர்’ மூன்றும் கற்க எளிது, மேசையில் நிலைத்தும் நிற்கும்.

புதியவர்கள் நிறைய இருந்தால் லையர்ஸ் டைஸில் ஆரம்பிப்பதே சரி. அதில் பொய் சொல்லக் கூச்சப்படுபவர்கூட எண்ணிக்கையை வைத்தே நன்றாக ஆடலாம். பொய் சொல்லத் தெரிந்தவர்தான் இந்த ஆட்டங்களில் ஜெயிப்பார் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முதலில் எண்ணத் தெரிய வேண்டும். அதன் பிறகு உண்மையை எங்கே செலவழிப்பது என்று தெரிய வேண்டும். முகபாவமெல்லாம் கடைசி.

லையர்ஸ் டைஸ் எப்படி ஆடுவது?

ஆளுக்கு 5 பகடை, உள்ளே தெரியாத ஒரு கப். எல்லோரும் ஒரே நேரத்தில் குலுக்கிக் கப்பைக் கவிழ்த்து, தன் பகடைகளை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். தொடங்குபவர், மேசையில் உள்ள எல்லாப் பகடைகளையும் சேர்த்து ஓர் ஏலம் சொல்வார்: “ஆறு நாலு”. அதாவது எல்லாக் கப்புகளுக்கும் அடியில் சேர்த்துக் குறைந்தது 6 பகடைகள் நாலு காட்டுகின்றன என்று பொருள். அடுத்தவர் ஏலத்தை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் “நம்பமாட்டேன்” என்று சவால் விட வேண்டும்.

சவால் விட்டதும் எல்லாக் கப்பும் திறக்கும். சொன்ன எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் சவால் விட்டவர் ஒரு பகடையை இழப்பார். குறைந்தால் ஏலம் சொன்னவர் இழப்பார். இழந்தவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார். கடைசிவரை பகடை வைத்திருப்பவர் வெற்றியாளர்.

ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். ‘ஒன்று’ எல்லா எண்ணுக்கும் பொருந்தும் ஜோக்கரா? எண்ணிக்கையை ஏற்றும்போது முகத்தையும், அதாவது பகடை காட்டும் எண்ணையும், மாற்றலாமா, அல்லது இரண்டில் ஒன்றைத்தான் ஏற்றலாமா? அடுத்த ஆள் மட்டும்தான் சவால் விடலாமா, யார் வேண்டுமானாலும் விடலாமா? நடு ஆட்டத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் தொடங்கும்.

ஒன்றுகளை ஏலம் கேட்கும்போது ஏன் பாதியாக்க வேண்டும்?

பெரூடோ என்ற பெயரில் ஆடப்படும் வகையில் ‘ஒன்று’ ஜோக்கர். “நாலு” என்று சொன்னால் நாலுகளும் ஒன்றுகளும் சேர்ந்தே எண்ணப்படும். ஒரு பகடை அப்படிப் பொருந்த 6-ல் 2 வாய்ப்பு, அதாவது மூன்றில் ஒன்று. ஆனால் ஒன்றையே ஏலம் கேட்டால் 6-ல் 1 வாய்ப்புதான். வாய்ப்பு பாதி என்பதால் எண்ணிக்கையும் பாதி.

ஒன்றுக்கு இறங்கும்போது பாதியாக்கி, பின்னம் வந்தால் மேலே ஏற்றுங்கள். “ஏழு ஐந்து” என்பதற்குப் பிறகு குறைந்தது “நாலு ஒன்று”. ஒன்றிலிருந்து வேறு முகத்துக்கு ஏறும்போது இரட்டிப்பாக்கி ஒன்று கூட்டுங்கள். “நாலு ஒன்று” என்பதற்குப் பிறகு குறைந்தது “ஒன்பது” ஏதாவது. அந்தக் கூடுதல் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் எட்டு ஐந்து, நாலு ஒன்று, மறுபடி எட்டு ஐந்து என்று ஏலம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றை ஒன்றில் தொடங்கவும் கூடாது என்பது வழக்கம்.

சொன்ன ஏலம் நிஜமாக இருக்குமா என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒன்றுகள் ஜோக்கராக இருந்தால், உங்களுக்குத் தெரியாத பகடைகளின் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்து, உங்கள் கையில் பொருந்துபவற்றைக் கூட்டுங்கள். அதுதான் நடு எண். ஜோக்கர் இல்லாத ஆட்டத்தில் 6-ஆல் வகுங்கள்.

ஐந்து பேர், 25 பகடை என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையதைத் தவிர மறைந்திருப்பவை 20. அவற்றில் குறைந்தது 5 பொருந்த நூற்றுக்கு 85 வாய்ப்பு. 6 பொருந்த 70, 7 பொருந்த 52, 8 பொருந்த 34, 9 பொருந்த 19, 10 பொருந்த 9. நடு எண்ணைத் தாண்டியதும் வாய்ப்பு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பாருங்கள். இரண்டே படி ஏறினால் 52 என்பது 19 ஆகிவிடுகிறது. “இன்னும் ஒன்றுதானே” என்று ஏற்றும் அந்த ஒன்றுதான் பலருடைய பகடையைப் பறிக்கிறது.

மறைந்திருப்பவை 10 என்றால்: 2 பொருந்த 90, 3-க்கு 70, 4-க்கு 44, 5-க்கு 21. மறைந்திருப்பவை 5 என்றால்: 1-க்கு 87, 2-க்கு 54, 3-க்கு 21. இந்த மூன்று வரிசைகளையும் மனப்பாடம் செய்தால் இடையில் உள்ளவற்றை ஊகித்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தோடு காட்ட முடியுமா?

அதே 25 பகடை மேசை. உங்கள் கையில் 1, 2, 4, 4, 6. முந்தையவர் “பத்து நாலு” என்கிறார். ஒன்றையும் சேர்த்து உங்களிடம் 3 பொருந்துகின்றன. மீதி 20-ல் 7 வேண்டும். அது 52. எனவே சவால் விட்டால் ஜெயிக்க 48. ஆனால் நாலு என்று வாய் திறந்தவரிடம் நாலு இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே உண்மையில் அந்த 48-உம் கிடைக்காது.

“பதினொன்று நாலு” என்று ஏற்றினால் 8 வேண்டும், வாய்ப்பு 34. “பத்து ஆறு” என்று முகத்தை ஏற்றினாலும் உங்களிடம் 2-தான் பொருந்துகிறது, 8 வேண்டும், அதுவும் 34.

இப்போது மூன்றாவது வழியைப் பாருங்கள்: “ஐந்து ஒன்று”. உங்களிடம் ஓர் ஒன்று இருக்கிறது. 20 பகடையில் 4 ஒன்றுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 6-ல் 1. வாய்ப்பு 43. மற்ற இரண்டு ஏற்றங்களையும்விட நல்லது. அதோடு அடுத்தவர் சவால் விடாவிட்டால் அவர் “ஆறு ஒன்று” சொல்ல வேண்டும், அல்லது பதினொன்றுக்குத் தாவ வேண்டும். நெருக்கடி இப்போது அவர் பக்கம். ஏலம் உச்சத்துக்குப் போகும்போது ஒன்றுக்கு இறங்குவது தப்பிக்கும் பாதை. அந்தப் பாதையை முதலில் யார் எடுக்கிறாரோ அவருக்குத்தான் பலன். கையில் ஓர் ஒன்றுகூட இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்: 20-ல் 5 தேவைப்படும், வாய்ப்பு கடகடவென்று கீழே போய்விடும்.

மற்றவர்கள் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

ஐந்து பகடை வைத்திருப்பவரிடம் சராசரியாக 1.67 பொருந்தும். ஒருவர் தானாக ஒரு முகத்தைத் தொடங்கினால் அவரிடம் இரண்டோ மூன்றோ இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது நடு எண்ணோடு ஒன்று கூட்டுங்கள். அதே முகத்தை இன்னொருவரும் விருப்பத்தோடு ஏற்றினால் அரையோ ஒன்றோ கூடும். ஆனால் வேறு வழியில்லாமல் ஏற்றியவருக்கு எதையும் கூட்டக் கூடாது. சுற்றின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட ஏலம் தகவல், கடைசியில் சொல்லப்பட்டது பெரும்பாலும் நெருக்கடி.

உங்களுக்கும் இதுவே பொருந்தும். பொய்யை முதல் ஏலத்திலேயே, எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போதே போடுங்கள். கையில் ஓர் ஐந்துகூட இல்லாதபோது “நாலு ஐந்து” என்று தொடங்கினால் யாரும் சவால் விடமாட்டார்கள். ஆனால் மேசை முழுவதும் உங்களிடம் ஐந்துகள் இருப்பதாகக் கணக்கில் கூட்டிக்கொள்ளும். மூன்று பேர் தாண்டிப் போகும்போது அந்தக் கணக்கு யாரோ ஒருவரைக் குழியில் இறக்கும். நல்ல பொய் இப்படித்தான் வேலை செய்யும்: திறக்கும்போது அது உங்கள் பேரில் இருக்காது.

ஒருவரிடம் ஒரே பகடை மிஞ்சினால் ஏதோ தனி விதி உண்டாமே?

பெரூடோவில் அதற்கு ‘பலிஃபிகோ’ என்று பெயர். முதல்முறையாக ஒரே பகடைக்கு வந்தவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அந்தச் சுற்றில் ஒன்று ஜோக்கர் இல்லை, அவர் தொடங்கிய முகத்தை மாற்றவும் முடியாது, எண்ணிக்கையை மட்டுமே ஏற்றலாம். அந்த ஒரு சுற்றுக்கு 3-ஆல் வகுப்பதை விட்டு 6-ஆல் வகுக்க வேண்டும். பழக்கத்தில் 3-ஆல் வகுத்து ஏற்றிப் பகடையைக் கோட்டைவிடுபவர்கள் ஏராளம்.

‘கால்சா’ என்று இன்னொன்றும் உண்டு. ஏலத்தில் சொன்ன எண்ணிக்கை கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கிறது என்று சொல்வது. சரியாக இருந்தால் இழந்த பகடை ஒன்று திரும்ப வரும், 5-க்கு மேல் போகாது. தவறினால் ஒன்று போகும். 20 மறைந்த பகடையில் மிகச் சாத்தியமான எண்கூட நூற்றுக்கு 18 தடவைதான் சரியாக விழும். ஆகையால் மேசையில் பகடை நிறைய இருக்கும்போது கால்சா வேண்டாம். மொத்தமே ஐந்தாறு பகடை மிஞ்சிய பிறகு யோசிக்கலாம்.

மியாவில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

இரண்டு பகடையைக் கப்பில் குலுக்கி, தான் மட்டும் பார்த்து, ஓர் எண் சொல்லி, கப்பை மூடியபடியே அடுத்தவரிடம் தள்ள வேண்டும். பெரிய இலக்கம் முன்னால் வரும்: 3-உம் 5-உம் விழுந்தால் 53. மிகக் கீழே 31, அங்கிருந்து 65 வரை ஏறும். அதற்கு மேல் 11 முதல் 66 வரையுள்ள இரட்டைகள். எல்லாவற்றுக்கும் மேல் 21, அதுதான் மியா. ஒவ்வொருவரும் முந்தைய எண்ணைவிடப் பெரியதைச் சொல்லியாக வேண்டும். வாங்குபவர் நம்பினால் குலுக்குவார், நம்பாவிட்டால் கப்பைத் தூக்கிப் பார்ப்பார். யார் தவறோ அவருக்கு ஓர் உயிர் போகும்.

இதில் மனதில் வைக்க வேண்டிய எண் 54. 54-ஐ மிஞ்ச 36-ல் 18, சரிபாதி வாய்ப்பு. உங்களிடம் 54-க்குக் கீழே ஏதாவது வந்தால் நம்பிக்கையோடு குலுக்குங்கள். 61-உம் அதற்கு மேலும் வந்தால் நீங்கள் பொய் சொல்ல வேண்டி வருவதற்கே வாய்ப்பு அதிகம். 65-ஐ மிஞ்ச 36-ல் 8-தான்.

நம்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, உங்களிடம் வந்த எண்ணைவிட அதற்கு முந்தைய எண் முக்கியம். முந்தைய எண் 64, இப்போது ஒருவர் 65 என்கிறார் என்றால் அவர் 64-ஐ மிஞ்சியிருக்க 36-ல் 10 வாய்ப்புதான். தூக்கிப் பாருங்கள். முந்தையது 41 ஆக இருந்து அவர் 52 என்றால் விட்டுவிடுங்கள்.

சீட்டில் ஆடும் ‘பிளஃப்’ ஊருக்கு ஒரு மாதிரி இருக்கிறதே, எது சரி?

இரண்டு வகை உண்டு, இரண்டும் சரிதான். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 52 சீட்டையும் பங்கிட்டுவிட வேண்டும், கையை முதலில் காலி செய்பவர் வெற்றி என்பது இரண்டுக்கும் பொது.

முதல் வகை வரிசை ஆட்டம். முதல் ஆள் ஆஸ், அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் மூன்று என்று ராஜா வரை போய், மறுபடி ஆஸ். உங்கள் முறைக்கு எந்த எண் வருகிறதோ அதையே சொல்லிச் சீட்டைக் கவிழ்த்து இறக்க வேண்டும். பாஸ் கிடையாது. கையில் அந்த எண் இல்லையென்றால் பொய்தான்.

இரண்டாவது வகையில் தொடங்குபவர் ஓர் எண்ணைச் சொல்வார், எல்லோரும் அதே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். விருப்பமில்லாதவர் பாஸ் சொல்லலாம். எல்லோரும் பாஸ் சொன்னால் குவியல் ஓரமாகப் போகும், கடைசியாக இறக்கியவர் புதிய எண்ணைத் தொடங்குவார்.

இரண்டிலும் சவாலில் பொய் பிடிபட்டால் பொய் சொன்னவர் குவியலை அள்ள வேண்டும், உண்மையாக இருந்தால் சவால் விட்டவர் அள்ள வேண்டும். திறந்து காட்ட வேண்டியது கடைசியாக இறக்கிய சீட்டுகளை மட்டும். அடியில் இருப்பவற்றைப் பார்க்கக் கூடாது. ஆறு பேருக்கு மேல் என்றால் இரண்டு கட்டு சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது ஒவ்வோர் எண்ணிலும் 8 சீட்டு.

பொய் சொல்லும்போது எந்தச் சீட்டை இறக்குவது?

வரிசை ஆட்டத்தில் இதற்குத் துல்லியமான பதில் உண்டு. நாலு பேர் ஆடும்போது உங்கள் முறை ஒவ்வொரு தடவையும் 4 எண் தள்ளி வரும். முதல் ஆளுக்கு வரும் வரிசை இது: ஆஸ், 5, 9, ராஜா, 4, 8, ராணி, 3, 7, ஜாக்கி, 2, 6, 10. ஆட்டம் தொடங்கும்போதே கையை இந்த வரிசையில் அடுக்கிவையுங்கள். 6-உம் 10-உம் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது முறையில்தான் வருகின்றன. அதுவரை ஆட்டம் பெரும்பாலும் நீடிக்காது. எனவே முதல் பொய்களுக்கு அவற்றை இறக்குங்கள். அடுத்த முறை வரப்போகும் 5-ஐயும் 9-ஐயும் பொய்யில் செலவழித்தால், இன்னும் சில நிமிடங்களில் மறுபடி பொய் சொல்ல வேண்டிவரும்.

இரண்டாவது இருக்கைக்கு இந்த வரிசையில் எல்லாவற்றையும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்: 2, 6, 10, ஆஸ், 5... மூன்று பேர் என்றால் மும்மூன்றாகத் தள்ளுங்கள். 13 பகா எண் என்பதால் 12 பேர் வரை எத்தனை பேர் ஆடினாலும் 13 எண்களும் உங்களுக்கு ஒருமுறை வந்தே தீரும்.

சிலர் உண்மைச் சீட்டோடு ஒரு பொய்ச் சீட்டைச் சேர்த்து இறக்குவார்கள். இரண்டு ராணி கையில் இருக்க “மூன்று ராணி” என்பார்கள். வேகமாகக் கை குறையும், ஆனால் மூன்று என்றதும் எண்ணுபவர்கள் கண்ணில் படும். ஒரு சீட்டுப் பொய்தான் கடைசிவரை பாதுகாப்பு.

எப்போது சவால் விட வேண்டும்?

முதலில் உங்கள் கையை எண்ணுங்கள். ஒரே கட்டில், மூன்று ராணி உங்களிடம் இருக்க ஒருவர் “இரண்டு ராணி” என்றால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு ராணி உங்களிடம், அவர் “இரண்டு” என்கிறார் என்றால்? நாலு பேர் ஆட்டத்தின் தொடக்கத்தில் மீதி இரண்டும் அவரிடமே இருக்க நூற்றுக்கு 11 வாய்ப்பு. ஒன்று உங்களிடம், அவர் “மூன்று” என்றால் வாய்ப்பு 3. இந்தக் கணக்கு வரிசை ஆட்டத்துக்குத்தான். எண்ணைத் தானே தேர்ந்தெடுக்கும் வகையில் தொடங்குபவர் தன்னிடம் நிறைய இருப்பதைத்தான் சொல்வார், அவர்மேல் இந்தக் கணக்கைப் போட்டால் நீங்கள்தான் அள்ளுவீர்கள். அவருக்குப் பின்னால் சேர்ப்பவர்களைப் பிடியுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. சவால் சரியாக இருந்தால் லாபம் மேசைக்கே, தவறினால் நஷ்டம் உங்கள் ஒருவருக்கு. அதனால் எல்லோரும் “வேறு யாராவது விடட்டும்” என்று காத்திருப்பார்கள். இதைத் தெரிந்தவர் பெரிய குவியலின் மேல் தைரியமாகப் பொய்யை வைப்பார். குவியல் மூன்று, நாலு சீட்டாக இருக்கும்போது சவால் மலிவு. அப்போது விட்டுப் பழகுங்கள், உங்களைப் பார்த்து மற்றவர்கள் பொய்யைக் குறைப்பார்கள்.

ஒருவர் கடைசிச் சீட்டை இறக்கும்போது மட்டும் விதிவிலக்கே இல்லை. யாராவது ஒருவர் சவால் விட்டே ஆக வேண்டும், விடாவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். இழப்பதற்கு ஒன்றுமில்லை.

குவியலை அள்ளியதும் சோர்ந்துவிடாதீர்கள். கையில் 20 சீட்டு வைத்திருப்பவருக்கு யார் எதில் பொய் சொல்கிறார்கள் என்று மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். சில எண்களில் நாலும் அவரிடமே இருக்கும்.

‘கூ’ ஆட்டத்தில் எந்த வரிசையில் சவால், தடை எல்லாம் வரும்?

ரிக்கி தாஹ்தா வடிவமைத்து 2012-இல் வந்த ஆட்டம். ட்யூக், அசாசின், கேப்டன், அம்பாசிடர், கான்டெஸா என்று 5 பாத்திரங்கள், ஒவ்வொன்றும் 3, மொத்தம் 15 சீட்டு. ஆளுக்கு 2 சீட்டு, 2 நாணயம். சீட்டுதான் உயிர்.

யாருக்கும் உரியவை மூன்று: 1 நாணயம் எடுப்பது, 2 எடுப்பது (ட்யூக் தடுக்கலாம்), 7 கொடுத்து ஒருவரின் சீட்டைத் தடையின்றி வீழ்த்துவது. 10 நாணயம் சேர்ந்துவிட்டால் வீழ்த்தியே ஆக வேண்டும். ட்யூக் என்று சொல்லி 3 எடுக்கலாம். கேப்டன் என்று சொல்லி ஒருவரிடமிருந்து 2 பறிக்கலாம், இதைக் கேப்டனோ அம்பாசிடரோ தடுக்கும். அசாசின் என்று சொல்லி 3 கொடுத்துக் கொல்லலாம், கான்டெஸா தடுக்கும். அம்பாசிடர் என்று சொல்லி கட்டிலிருந்து 2 எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். சீட்டு கையில் இல்லாமலும் சொல்லலாம், அதுதான் ஆட்டமே.

வரிசை இதுதான்: செயலை அறிவிப்பது, அதற்குச் சவால், பிறகு தடை, தடைக்குச் சவால், கடைசியில் செயல். சவாலுக்கு உள்ளானவரிடம் சீட்டு உண்மையாக இருந்தால் காட்டிவிட்டு, அதைக் கட்டில் கலந்து புதிது எடுப்பார். சவால் விட்டவர் ஒரு சீட்டை இழப்பார். புதிது எடுப்பதைப் பலர் மறக்கிறார்கள். மறந்தால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நாணயம் திரும்ப வருமா என்பது அடுத்த குழப்பம். அசாசின் பொய் என்று பிடிபட்டால் கொடுத்த 3 திரும்ப வரும். கான்டெஸா தடுத்துவிட்டால் திரும்பாது.

ஒரே தடவையில் இரண்டு சீட்டும் போகுமா?

போகும். உங்கள்மேல் அசாசின் பாய்கிறது, கான்டெஸா இருப்பதாகப் பொய் சொல்கிறீர்கள், பிடிபடுகிறீர்கள். பொய்க்கு ஒன்று, கொலைக்கு ஒன்று.

இதிலிருந்தே நல்ல உத்தி பிறக்கிறது. இரண்டு சீட்டு வைத்திருப்பவர் “கான்டெஸா” என்றால் அவர் பெரிய ஆபத்தை எடுக்கிறார், எனவே நம்பத் தக்கது. ஒரே சீட்டு வைத்திருப்பவர் சொன்னால் அதற்கு மதிப்பே இல்லை, சும்மா இருந்தாலும் அவர் சாகத்தான் போகிறார். நீங்கள்தான் தாக்கினீர்கள், உங்களிடம் இரண்டு சீட்டு இருக்கிறது, திறந்திருப்பது அவருடைய ஒரு சீட்டு மட்டும், கான்டெஸா எதுவும் இதுவரை தெரியவில்லை என்றால், அவருடைய அந்த ஒரு சீட்டு கான்டெஸாவாக இருக்க 12-ல் 3, அதாவது நாலில் ஒன்று. சவால் விடுங்கள்.

முதல் முறையிலேயே ‘ட்யூக்’ என்று பொய் சொல்லலாமா?

சொல்லலாம். உங்கள் கையில் ட்யூக் எதுவும் இல்லையென்றால் இன்னொருவரின் இரண்டு சீட்டில் ஒன்றாவது ட்யூக்காக இருக்க நூற்றுக்கு 42. உங்களிடம் ஒன்று இருந்தால் 29. இரண்டு இருந்தால் 15. எதிராளிகளுக்கும் இதே கணக்குத்தான். ட்யூக் இல்லாதவர்கள் சவால் விடத் தயங்குவார்கள், இரண்டு ட்யூக் வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

தொடங்கிய பொய்யைத் தொடர வேண்டும். முதல் முறை ட்யூக், அடுத்த முறை கேப்டன், அதற்கடுத்து அசாசின் என்று தாவுபவரிடம் இருப்பதோ இரண்டே சீட்டு. மூன்றாவது பெயரைச் சொல்லும்போது ஒன்றாவது பொய் என்று கணக்கே காட்டிக்கொடுக்கும். இடையில் ஒருமுறை அம்பாசிடர் மாற்றம் நடந்திருந்தால், அல்லது சவாலில் சீட்டைக் காட்டிப் புதிது எடுத்திருந்தால் மட்டும் புதிய பெயருக்கு நியாயம் உண்டு. அம்பாசிடரின் உண்மையான பயன் அதுதான்.

ஸ்கல், காக்ரோச் போக்கர் இரண்டிலும் கவனிக்க வேண்டியது என்ன?

ஸ்கல்லில் ஆளுக்கு 4 வட்டு: 3 பூ, 1 மண்டை ஓடு. கவிழ்த்து வைத்துக்கொண்டே போய், “இத்தனை பூ திறப்பேன்” என்று ஏலம் தொடங்கும். ஏலம் எடுத்தவர் தன் வட்டுகளை எல்லாம் முதலில் திறக்க வேண்டும். இந்த ஒரு விதியால்தான் ஏலத்துக்கு வலு வருகிறது: தன் மண்டை ஓட்டை வைத்துவிட்டு ஏலம் ஏற்றுபவர் மற்றவர் தலையில் கட்டப் பார்க்கிறார், யாரும் மேலே போகாவிட்டால் தானே மாட்டுவார். இரண்டு தடவை ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு தடவை ஜெயித்தவரைத் தடுக்க மற்றவர்கள் மண்டை ஓடு வைக்கப் பார்ப்பார்கள், எனவே அப்போது அவர் ஏலத்தில் அமைதியாக இருப்பதே நல்லது.

காக்ரோச் போக்கரில் 64 சீட்டு, 8 உயிரினங்கள், தலா 8. ஒரே உயிரினம் நாலு முன்னால் சேர்ந்தவர் தோற்பார். ஜெயிப்பவர் கிடையாது, தோற்பவர் ஒருவர்தான். ஏற்கெனவே மூன்று வௌவால் வைத்திருப்பவரிடம், சீட்டைக் கவிழ்த்து “இது வௌவால்” என்று தள்ளுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். அவர் அதை எதிர்பார்த்துத் தயாராக இருப்பார். அவரிடம் இரண்டு இருக்கும்போதே தள்ளத் தொடங்குங்கள்.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா?

அதை நம்பி ஆடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய ‘ப்ளூரிபஸ்’ என்ற நிரல் 2019-இல் ஆறு பேர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கு யார் முகமும் தெரியாது.

முகத்தைவிட நேரம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஏலத்தை ஏற்றும் முன் கப்பைத் தூக்கி மறுபடி பார்ப்பவர் பெரும்பாலும் நிஜமாக எண்ணுகிறார். சீட்டை வழக்கத்தைவிட வேகமாக இறக்கி அடுத்தவரைப் பார்ப்பவர் தன் முறை கடந்துபோகட்டும் என்று தவிக்கிறார். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடும், முதல் சில சுற்றுகளில் திறந்து காட்டப்பட்டதோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது எளிது: உண்மையோ பொய்யோ, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

எத்தனை தடவைக்கு ஒரு தடவை பொய் சொல்வது?

பந்தயம் உள்ள ஆட்டங்களில் இதற்குச் சூத்திரம் உண்டு. நடுவில் இருக்கும் தொகைக்குச் சமமாகக் கட்டிப் பொய் சொன்னால் இரண்டில் ஒருமுறை எதிராளி விலக வேண்டும், பாதி கட்டினால் மூன்றில் ஒருமுறை போதும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம்.

எந்தக் கையில் பொய் சொல்வது என்பதற்குக் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் எளிமையாக்கிய போக்கர் கணக்கில் தந்த விடை இன்றும் நிற்கிறது: மிக நல்ல கையிலும் மிக மோசமான கையிலும் பந்தயத்தை ஏற்று, நடுத்தரக் கையில் அமைதியாக இரு. நடுத்தரக் கை தானாகவே சில நேரம் ஜெயிக்கும், அதைப் பொய்யில் வீணாக்கக் கூடாது.

ஆட்கள் கூடக் கூடப் பொய்யைக் குறைக்க வேண்டும். ஒவ்வொருவரும் 5-ல் ஒருமுறைதான் சவால் விடுகிறார்கள் என்றால்கூட, ஒரே எதிராளியிடம் பொய் தப்பிக்க 80, நாலு எதிராளிகளிடம் 41. யாரும் சவால் விடலாம் என்ற விதியில் இது முழுமையாகப் பொருந்தும். அடுத்தவர் மட்டுமே சவால் விடலாம் என்றால் அந்த ஒருவரைப் படித்தால் போதும்.

ஆட்டத்தின் நடுவே தவறு நடந்தால் என்ன செய்வது?

பகடை சாய்ந்து நின்றாலோ ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றாலோ, பார்த்தவுடன் சொல்லிவிட்டு ஐந்தையும் மறுபடி குலுக்குங்கள். ஏலம் தொடங்கிய பிறகு தெரிந்தால் அந்தச் சுற்றே செல்லாது. சவாலுக்கு முன்பு தவறி ஒருவர் கப்பைத் தூக்கிவிட்டால் அவருடைய பகடைகள் திறந்தபடியே இருக்கட்டும், ஆட்டம் தொடரட்டும். அவருக்கு அதுவே தண்டனை.

பிளஃப்பில் “இரண்டு” என்று சொல்லி மூன்று சீட்டு இறக்கியது சவாலில் தெரியவந்தால் அதையும் பொய்யாகவே எண்ணிக் குவியலை அள்ளவையுங்கள். சவால் வராமலே யாராவது எண்ணிக்கையைக் கேட்டால், இறக்கியவர் கவிழ்ந்த நிலையிலேயே சீட்டுகளை விசிறியாக விரித்துக் காட்ட வேண்டும். இந்த உரிமை எல்லோருக்கும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். கூவில் சவாலுக்குத் தவறான சீட்டைக் காட்டிவிட்டு “ஐயோ, மற்றது இருக்கிறது” என்றால் சரியான சீட்டைக் காட்ட விடுங்கள், ஆனால் தவறாகத் திறந்ததையும் எல்லோரும் பார்த்துவிட்டதால் இரண்டையும் கட்டில் கலந்து புதிதாக இரண்டு எடுக்கச் சொல்லுங்கள்.